நான் நான்ல இருக்கேன்

ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஜாபிர் தாய்லாந்துக்குப் போவான்.

இன்று விடியற்காலையிலேயே சாத்தியாகிவிட்டது. கீழே எவனோ ஒரு வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எரிச்சலோடு எழுந்து, சரியாகப் பூட்டாத ஜன்னல் கதவின் இடுக்கில் பழைய கைலியைத் திணித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

இப்போது வெயில் ஏறிவிட்டது. பர்மாவின் க்யிம்யிண்டைங் ஜெட்டியில் படகுக்காரர்கள் ஆள் கூப்பிடுவது, ஐஸ் பெட்டி இழுபடுவது எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

கீழே வெங்காயக் கிடங்கிலிருந்து அப்துல் சமது குரல் கொடுத்தார். ஒளிந்துகொள்ள இந்த மாடியறையைக் கொடுத்தவர் அவர்தான்.

"என்னப்பா, தாய்லாந்துல இன்னிக்கு வெயிலா, பனியா?"

"பனிதான் பாய். கம்பளி இல்லாம முடியல" என்றான் ஜாபிர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

போனை வாயருகே கொண்டுபோனான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நல்லா இருக்கேன். இன்னிக்கு மேல ஏறிப் போனோம். மேகமெல்லாம் காலுக்குக் கீழ கெடக்கு."

சொல்லச் சொல்ல எழுத்துகள் ஓடி வந்து திரையில் உட்கார்ந்தன. அவனுக்கு அவை வெறும் கொக்கியும் சுழியும்தான். படித்ததெல்லாம் பர்மியப் பள்ளியில். தமிழ் வாயோடு சரி. உம்மா நேர் எதிர். மத்ரஸாவில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பர்மிய எழுத்தில் கடைப் பலகை கூடப் படிக்கத் தெரியாது.

குரலையே அனுப்பினால் வேலை சுலபம். ஆனால் குரலோடு ஜெட்டிச் சத்தமும் போய்விடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், த்வாண்டேயிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். இந்தப் படகுச் சத்தத்தைத் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். மலையில் சிக்னல் இல்லை, குரல் ஏறாது, எழுத்துதான் ஏறும் என்று சொல்லிவைத்திருந்தான்.

தெரிந்தால் அடுத்த படகிலேயே தூக்குச்சட்டியோடு வந்து நிற்பாள். அவள் பின்னால் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பெயர் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டின் மேல் கண் இருந்தது.

அதற்குப் பயந்துதான் புரோக்கரைப் பிடித்து அவனை வேனில் ஏற்றிவிட்டாள். வேன் எல்லைப் பக்கம் திரும்பவேயில்லை. ஷ்வேப்யிதாவைத் தாண்டி ஒரு பட்டாள முகாமின் கேட் முன்னால் நின்றது. சீருடைக்காரர்கள் காத்திருந்தார்கள். புரோக்கர் இறங்கிப் போய் அவர்களோடு சிரித்துப் பேசினான். கதவோரம் இருந்த ஜாபிர் குதித்து ஓடினான். மற்ற பையன்கள் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

உம்மாவைப் பொறுத்தவரை மகன் தாய்லாந்தில், 'நான்' என்கிற மாகாணத்தில் இருக்கிறான். போனில் பார்த்த ஒரு சுற்றுலா வீடியோவிலிருந்து அவன் எடுத்துக்கொண்ட ஊர். எல்லையோர மே சோட் என்று சொன்னால் தெரிந்தவர்கள் இருப்பார்கள், விசாரிப்பார்கள். 'நான்' பக்கம் அப்படி யாருமில்லை. வயலும் மூடுபனியும்தான்.

"நான் நான்ல இருக்கேன்" என்று முதல் தடவை அவன் எழுத்தில் போனபோது, உம்மா குரலில் சிரித்து அனுப்பினாள். "எல்லாரும் அவங்கவங்களுக்குள்ளதான்டா இருக்கோம். ஊருப் பேரச் சொல்லு!" சுற்றி மலை என்று அவன் சொன்னதை போன் மழை என்று எழுதிவைக்க, குடை இருக்கா என்று கவலைப்பட்டாள்.

மலைக்கு மேல் உப்புக் கிணறு இருக்கிறது என்றதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கடலே இல்லாத இடத்தில் அல்லாஹ் உப்பு வைத்திருக்கிறானே என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

முந்தாநாள்தான் அதைக் கேட்டாள். தம்பி நிஹாலுக்கும் வயது வந்துவிட்டது, அதே புரோக்கர் கூட்டிப்போகிறேன் என்கிறார், உன்னிடமே அனுப்பிவிடட்டுமா?

ஜாபிர் உடனே மைக்கைத் தொட்டான். காரணத்தைச் சொன்னால் மலை, மேகம், உப்பு எல்லாம் சரிந்துவிடும். காரணம் இல்லாமலே சொன்னான்.

"நிஹால் இங்க வர வேணாம்." போதாது என்று பட்டது. இன்னும் அவசரமாக, "கட்டாயம் வர வேணாம்."

பேசிய மூச்சிலேயே அனுப்பியும்விட்டான்.

இன்றைய மேகத்தையும் அனுப்பினான். கையோடு உம்மாவின் குரல் வந்தது.

"மேகம் கெடக்கட்டும் வாப்பா. நிஹால இன்னிக்கு மொதப் படகுல ஏத்திட்டேன். எனக்கு மனசே இல்ல. நீதான் 'நிஹால் இங்க வர வேணும், கட்டாயம் வர வேணும்'னு ரெண்டு தடவ எழுதியிருந்தியே. ஒன்னப் பத்திரமாச் சேத்தவரு அவனையும் சேத்துருவாருன்னு விட்டுட்டேன். க்யிம்யிண்டைங் ஜெட்டியில எறங்கி, வேன் எங்கன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னானாம். அப்பறம் அவரே ஹாரன் அடிச்சி அடிச்சிக் கூப்பிட்டாராம். போனப் புரோக்கர்கிட்ட குடுக்கணுமாம், அதான் கூப்பிட்டுச் சொல்லிட்டு வச்சிட்டான். உப்புக் கெணத்தப் பாக்கப் போறேன்னு ஒரே குதியாட்டம்..."

ஜாபிர் நிஹாலின் எண்ணை அழுத்தினான். அணைந்திருந்தது.

முந்தாநாள் அனுப்பியதைத் தேடித் திறந்தான். கொக்கியும் சுழியும்.

எழுந்து போய் இடுக்கிலிருந்த கைலியை உருவினான். ஜன்னலை முழுக்கத் திறந்தான்.

இந்தத் தடவை எழுத்துக்கான மைக்கைத் தொடவில்லை. குரலுக்கானதை அழுத்திப் பிடித்தான்.

போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். கீழே ஒரு படகுக்காரன் "த்வாண்டே! த்வாண்டே!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அதை அனுப்பினான்.