கவனிப்புக்கு எத்தனை மார்க்?

“வாங்க, வாங்க. வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான் மணிபாரதி.

விஷ்ணுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. காரைக்காலில் திருநள்ளாறு சாலையில் இருக்கிற சாதாரண ஜவுளிக்கடை. இங்கே யாருக்கு நாற்காலி துடைத்துப் போடுகிறார்கள்?

துணி எடுப்பது போல வந்து, கடைக்காரர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ரகசியமாக மார்க் போடுவதுதான் அவள் வேலை. ஒரு வாரப் பயிற்சி முடிந்து இதுதான் முதல் கடை. “நீ யாருன்னு கடையில தெரிஞ்சுபோச்சுன்னா இந்த வேலை உனக்கில்லம்மா” என்று தஞ்சாவூர் ஆபீசில் மேலாளர் சுவாமிநாதன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“உங்க பேரு?”

“மணிபாரதிங்க.”

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“ஆறு வருஷம்ங்க. ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல.”

கேட்காததற்கும் பதில் வந்தது. கோபம் வருகிறதா என்று சோதிக்க, இருபத்து மூன்று புடவைகளைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்தான்.

“ஒண்ணும் பிடிக்கல.”

“அதனால என்னங்க. பிடிக்கிற வரைக்கும் பாருங்க.”

சிரித்தானே தவிர, ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. டீ வந்தது. தட்டு நிறையக் காராசேவு வந்தது. கல்லாவில் இருந்த முதலாளியம்மா லோகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு போனில் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

“வந்தாச்சு... தனியாத்தான்... நீங்க இந்தப் பக்கம் வந்துராதீங்க.”

சந்தேகமே இல்லை, குட்டு உடைந்துவிட்டது. உடைத்தது யார்? இன்றைக்கு இந்தக் கடை என்று தெரிந்தவள் நித்யஸ்ரீ ஒருத்திதான். கூடவே பயிற்சி எடுத்தவள், தருமபுரத்துக்காரி. வேலைக்கு இருப்பது ஒரே இடம், போட்டி இவர்கள் இருவருக்கும்தான். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே!

வாய்விட்டே கேட்டுவிட்டாள். “நான் வருவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

மணிபாரதி தலையைக் குனிந்துகொண்டான். “காலையிலதான் சொன்னாங்க. தெரியாத மாதிரியே இருன்னாங்க. எனக்குத்தான் நடிக்க வரலைங்க.”

விஷ்ணுப்ரியா கைப்பேசியை எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து சுவாமிநாதனுக்குச் செய்தி அனுப்பினாள். ‘நான் வரப்போவதை நித்யஸ்ரீ கடையில் சொல்லிவிட்டாள் சார். கடைக்காரரே ஒப்புக்கொண்டார்.’ பிறகுதான் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

லோகாம்பாள் வாசல்வரை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே மறைச்சு என்னம்மா ஆகப்போவுது? பொண்ணோட அக்கா துணி எடுக்குற மாதிரி வந்து மாப்பிள்ளையைப் பாத்துட்டுப் போவாங்கன்னு தரகர் சொன்னதுலேருந்து இவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாராயம் மலிஞ்ச காரைக்கால்ல இருந்தும் ஒரு சொட்டு தொடாத புள்ளம்மா. உங்க தங்கச்சியைக் குடுக்கலாம்ல?”

பதறிப்போய், அனுப்பிய செய்தியை அழிக்கக் கைப்பேசியைத் திறந்தாள் விஷ்ணுப்ரியா. அதற்குக் கீழே சுவாமிநாதனின் பதில் வந்திருந்தது: ‘நித்யஸ்ரீயை வீட்டுக்கு அனுப்பியாச்சு. இனி அந்த இடம் உனக்குத்தான்.’