பெற்றோர் பிரதிநிதி

1986. டென்மார்க்கின் ஓகூஸ் நகரசபைக் கல்வி அதிகாரியின் மேசையில் சிறீஸ்கந்தராசா ஓங்கிக் குத்தினார்.

"தமிழ் வகுப்பு ரீச்சருக்கு ஒரு தராதரமும் இல்லை. முதல்லை அவவை நிப்பாட்டுங்கோ! பெற்றோர் எல்லாருக்குமாகத்தான் கதைக்கிறன்."

மொழிபெயர்க்க வந்திருந்த நான் ஒரு சொல்லும் விடாமல் டெனிஷில் சொன்னேன்.

"இவர் வகுப்புக்குப் போய்ப் பார்த்திருக்கிறாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம், ஒவ்வொரு சனியும் கடைசி வாங்கிலை இருந்து பாக்கிறன். வாயைத் திறந்தால் பிழை. சரியான மோடு, ஒண்டுமே தெரியாது!"

அதையும் சொன்னேன்.

அதிகாரி பதிவேட்டை நீட்டினார். கோரிக்கையோடு வருபவரும் மொழிபெயர்ப்பவரும் பெயர், தொழில் எழுத வேண்டும்.

அவர் நெஞ்சை நிமிர்த்தி எழுதினார்: "சிறீஸ்கந்தராசா, பெற்றோர் பிரதிநிதி."

கீழே நானும் எழுதி, அவர் வாசிக்கட்டுமென்று பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"மேரிகிறேஸ், தமிழ் வகுப்பு ரீச்சர்."