ஜன்னலில் காயும் காளான்

மாட்டுங்காவின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நுழையும் காலை வெயில் சமையலறை ஜன்னலில் ஒரு முழம்தான் விழுகிறது. அதற்குள் ஹரிஹரன் காளான் துண்டுகளைத் தட்டில் மல்லாத்தி அடுக்குகிறார். வெயில் நகர நகரத் தட்டையும் நகர்த்துகிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி மாத்திரையின் கூடு மாட்டெலும்பில் செய்தது என்று படித்த நாளிலிருந்து அவர் அதைத் தொடுவதில்லை. வெயிலில் காய்ந்த காளானில் அதே வைட்டமின் சேரும் என்பதால் அதற்குப் பதிலாகத்தான், இதுவரை காளானே நுழையாத இந்த வீட்டில் காளான் குழம்பு கொதிக்கிறது. அவருக்கு முதுகைக் காட்டி நிற்கும் அவர் மனைவி பத்மஜா, தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி மாத்திரையைக் குத்துகிறாள். அவருடைய கிண்ணத்துக் குழம்பில் எண்ணெய்ச் சொட்டு மினுங்கிப் பரவுகிறது. கூடு அவர் வாய்க்குப் போகவில்லையே என்று வாராவாரம்போல் இன்றும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். “சந்திரா, கேட்டியா, ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுத்து!” என்று செம்பூரிலிருக்கும் தங்கையிடம் அவர் போனில் கத்துகிறார். “எல்லாம் காளான் பண்ணின வேலை. நீயும் அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பைல போடு. சந்தேகம்னா உன் மன்னியையே கேளு.” போன் பத்மஜாவின் முகத்தருகே நீள்கிறது. “நெஜமாவா மன்னி? எனக்கு மாடியேறவே முடியலை. மாத்திரையை நிறுத்திடட்டுமா?” மூடிய உள்ளங்கைக்குள் காலிக் கூடு பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வெயில் தட்டைவிட்டு இறங்கிவிட்டது. அதை நகர்த்தவும் மறந்து, ஹரிஹரன் சிரித்த முகமாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.