விளக்கேற்ற வராதவர்கள்

"ஒருத்தரும் வர மாட்டாங்களாம், ஐயா." சின்னையா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோட்டத்து லைன் வீடு முழுக்க நடந்துட்டேன். கதவைத் தெறந்து பாக்குறாங்க. இன்னிக்கு வேணாங்க-ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறாங்க."

சிவகுருநாதன் திரும்பி உள்ளே பார்த்தார். புதுச் சுண்ணாம்பு மணக்கும் கூடத்தில் பெஞ்சுகள் வெறுமையாகக் கிடந்தன. வாசலில் நிறைகுடமும், எண்ணெய் ஊற்றித் திரி போட்ட குத்துவிளக்கும் காத்திருந்தன.

காப்பார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே எழும்பியிருந்தது அந்தத் தொழிற்கலாசாலை. தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள், காலையில் பால் வெட்டிவிட்டு, பிற்பகலில் வந்து தச்சு வேலையும் இஞ்சின் வேலையும் இங்கிலீஷும் கற்கலாம். அதை நடத்தத்தான் சிவகுருநாதன் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு, மனைவி பூமணியோடு இங்கே குடிவந்தார்.

போன வாரம் பூமணி காய்ச்சலில் போய்விட்டாள்.

திறப்பு நாள் தோட்டத்துத் துரை குறித்தது. அதை மாற்றக் கேட்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. யாரோ சொல்லிவைத்ததுபோல எழுந்தார், குளித்தார், வந்து நின்றார். சாவு வீட்டுத் துடக்கோடு மங்கலப் பொருளைத் தொடக்கூடாது என்று அவர் தள்ளி நின்றுகொள்ள, கிள்ளானிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த சின்னையாதான் எல்லாம் எடுத்து வைத்தார்.

விளக்கேற்றுவதற்கு, கங்காணி கன்னையாவின் மனைவி வள்ளியம்மாவைப் பூமணி உயிரோடு இருந்தபோதே கேட்டு வைத்திருந்தாள். வள்ளியம்மாவும் சம்மதித்திருந்தாள். இன்று அவளையும் காணவில்லை.

முதல் நாளே ஆள் சேராவிட்டால் கட்டடத்தை ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோராக்கிவிடுவேன் என்று துரை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே செய்யவும் கூடியவர் அவர்.

"காலையில பேர் கூப்புடுற பெரட்டுன்னா மட்டும் இருட்டுலயே வந்து வரிசையா நிப்பானுங்க. படிக்க வாங்கடான்னா காலு வலிக்குது போல," என்று சின்னையா முணுமுணுத்தார். "மாரியாயி கோயில்லயாவது நாலு பேரைப் புடிக்கலாம்னு போனேன். வெள்ளிக்கெழம அதுவுமா, அதுவும் சாத்திக் கெடக்குது."

"சாத்தட்டும்."

"ஒண்ணு சொன்னா ஐயா கோவிச்சுக்கக் கூடாது. அம்மா போயி ஒரு வாரந்தான் ஆவுது. சாவு வீட்டுக்காரர் நடத்துற காரியம், ராசியில்லன்னு பயப்படுறாங்க போல."

சிவகுருநாதன் குடையை எடுத்துக்கொண்டு லைனை நோக்கி நடந்தார்.

இதற்கு முன் அவர் அங்கே போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த பழக்கம் அவரைச் செம்மண் பாதையோடு நிறுத்திவிடும். பூமணிக்கு அந்தத் தடை இருந்ததில்லை. காய்ச்சல் கண்ட வீட்டில் போய்த் தரையில் உட்காருவாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் தேநீரை அவர்கள் குவளையிலேயே குடித்துவிட்டு வருவாள். அவர் கண்டும் காணாதவர்போல இருந்துவிடுவார்.

கன்னையாவும் வள்ளியம்மாவும் அவரைக் கண்டதும் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

"விளக்கேத்த வாறன் எண்டு பூமணிக்குச் சொன்னனீங்களெல்லோ?" என்று கேட்டார். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"சொன்னேங்க," என்றாள் வள்ளியம்மா, தலை நிமிராமல்.

"பிறகு ஏன் வரேல்லை? என்ர துடக்கு உங்களில ஒட்டிப்போடும் எண்டு பயமோ? நான் அந்த விளக்குக்குக் கிட்டவும் போகேல்லை. துரை பின்னேரம் வந்து பூட்டிப்போட்டால் ஆருக்கு நட்டம்? உங்கட பிள்ளையளுக்குத்தான்!"

"துரை இன்னிக்கு வர மாட்டாருங்க," என்றார் கன்னையா மெதுவாக. "காலையிலயே பங்களாவுக்குப் போயிக் கேட்டுட்டோம். எல்லாருக்கும் தீட்டு, அதோட எப்படிங்க இவ விளக்கேத்துவா? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், மறுநாளே வந்து சேந்துர்றோம்னு சொன்னோம். மொதல்ல மொறைச்சாரு, அப்புறம் சரின்னுட்டாரு. ஐயாவுக்கு அவரே ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம்."

சிவகுருநாதனுக்கு விளங்கவில்லை. அவர் ஊர் வழக்கத்தில் காரியம் முப்பத்தோராம் நாள். பதினாறு என்பது லைன்காரர்களின் கணக்கு.

அவருடைய கோபம் சட்டென்று இறங்கியது. துக்க வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டோமே என்று கூசினார். "முருகா... எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. உங்கட பக்கத்தில ஆர் செத்தது?"

கன்னையா மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னையாதான் சொன்னார்.

"எங்க பூமணியக்காதானுங்களே, ஐயா."