செருப்பை வெளியே விடவும்

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் சிற்பக் கண்காட்சி. பாலவாக்கத்துக் கடற்கரை மணலைக் கூடத்தின் தரையெங்கும் கொட்டிச் சமன்செய்து, ஆம்ப்ரோஸ் சார் தன் மரச்சிற்பங்களை நிறுத்தியிருந்தார். உடன் வேலை பார்க்கும் ஷில்பா, செருப்பை வெளியே விடச்சொல்லி வாசலில் பலகை வைத்தாள். கூடத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது.

செவ்வாய் காலை, பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார் கழன்று வராமல் ஊக்கு குத்தியிருந்தது.

“பெருக்கற அம்மாவோடதா இருக்கும் சார்.”

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தார். “ஆனியோடது. ஊக்கு நான் குத்தினது.”

அவர் மனைவி ஆனியின் அடக்கத்துக்கு ஷில்பாவும் போயிருந்தாள்.

“வீட்லேந்து எடுத்துட்டு வந்தீங்களா?”

“இல்லம்மா. அப்பவே குப்பை வண்டில போட்டுட்டேன்.”

கதவைத் திறந்தார்கள். மணலில் ஒரு காலடிகூட இல்லை.

வியாழன்வரை செருப்பு அங்கேயே கிடந்தது. அப்புறப்படுத்தலாமா என்று ஷில்பா கேட்டாள்.

“இருக்கட்டும். பாத்துட்டு வரட்டும்” என்றார்.

வெள்ளி காலை கதவு பூட்டியபடியே இருந்தது. நீலச் செருப்புக்குப் பக்கத்தில் ஆம்ப்ரோஸின் தோல் செருப்பு இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. உள்ளே மணல் கலையாமல் கிடந்தது.

அவர் இல்லாமலே விழா நடந்தது. நல்ல கூட்டம், படியெல்லாம் செருப்பு. சாயங்காலம் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் இரண்டு ஜோடி மிஞ்சியது.

ஷில்பா விளக்கை அணைத்தாள். கதவைப் பூட்டாமல், வெறுமனே சாத்திவிட்டுப் போனாள்.