சுருதி இறங்கும் குரல்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர்த் தேவாலயத்தில் இருபத்தாறு வருஷமாக ஆர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் நான்தான். போன கிறிஸ்துமஸ் ஆராதனையை வானொலி நேரடியாக ஒலிபரப்புவதாக இருந்தது. நன்றாக அமைந்தால் எனக்கு 'தேவாலய இசை இயக்குநர்' பட்டம் நிச்சயம்.

ஆனால் குழுவில் ஒரு குரல் எப்போதும் அரைச் சுருதி இறங்கியே கேட்கும். ரொட்டிக்கடை கெர்லிண்டே அம்மாவின் குரல்தான், சந்தேகமே இல்லை. கடைசி ஒத்திகை முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சத்தம் வராம வாயை அசைச்சாப் போதும்."

அவர் சிரித்துவிட்டார். "நான் சேர்ந்த அன்னிக்கே பழைய மாஸ்டர் இதைச் சொல்லிட்டாரே! முப்பது வருஷமா வாயை மட்டும்தான் அசைக்கிறேன்."

"அப்போ அந்தக் குரல் யாரோடது?"

"உங்களோடதுதான் மாஸ்டர். கையை ஆட்டிக்கிட்டே கூடவே பாடுறீங்களே! அவ்வளவு சந்தோஷமா பாடுற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஒலிபரப்பு பிரமாதமாக அமைந்தது. நாங்கள் இருவரும் அழகாக வாயசைத்தோம்.

பட்டமும் வந்தது. பாராட்டுரையில் என் கூர்மையான செவியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.