காகிதக் குதிரையின் கால்

பொய்க்கால் குதிரையாட்டத்துக்கென்று மூங்கில் கூட்டின்மேல் வண்ணக் காகிதம் ஒட்டிச் செய்த குதிரை ஒன்று, கோயில் திடலோரம் காத்துக் கிடந்தது. பக்கத்தில் புல் மென்றுகொண்டிருந்த வண்டிக் குதிரைக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்ப்பா, வயித்துக்குக் கீழே ஒண்ணையும் காணோமே! காலே இல்லாம நீயும் ஒரு குதிரையா?"

காகிதக் குதிரைக்குச் சுருக்கென்றது. "மேளம் கொட்டட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தது.

மேளம் கொட்டியது. ஆட்டக்காரர் வந்து அதை இடுப்பில் மாட்டிக்கொண்டார். போரில் அடிபட்ட குதிரை ஒன்று, எசமானைச் சுமந்து ஆறு தாண்டி வீடு சேர்க்கிற கதை அன்றைக்கு. காகிதக் குதிரை பாய்ந்தது. ஈட்டி பட்டுத் துவண்டது. நொண்டி நொண்டியே வெள்ளத்தில் இறங்கியது. அது கரையேறியபோது திடலே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

ஆட்டம் முடிந்து இடத்துக்குத் திரும்பினால், வண்டிக் குதிரை தன் புல்லையெல்லாம் அதன் பக்கம் தள்ளி வைத்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"முன்னங்கால் ரொம்ப வலிக்குதா?"

காகிதக் குதிரை கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"எந்தக் கால்?" என்றது.